ஒப்புதல் கேட்கப்படாத வகுப்பு: அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிகளில் மதமும் நீதிபோதனையும்

வட சென்னையில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் புறப்படும் ஒரு குடும்பத்துக்கு, நடந்துபோகும் தொலைவுக்குள்ளேயே பல வகைப் பள்ளிகள் இருக்கின்றன. மண்ணடி, தங்கசாலை, பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் என்று நீளும் அந்தப் பகுதியில் ஒரு தெருவில் மாநகராட்சிப் பள்ளி இருக்கும். அடுத்த தெருவில் கிறிஸ்தவத் திருச்சபை நடத்தும் நிதியுதவி பெறும் பள்ளி இருக்கும். இந்து அறக்கட்டளையின் பள்ளி, முஸ்லிம் பெரியவர்கள் நிறுவிய பள்ளி, சௌகார்பேட்டைச் சமணர்களின் கொடையில் எழுந்த பள்ளி ஆகியவையும் எட்டும் தூரத்திலேயே இருக்கும். பெற்றோர் கட்டணத்தையும், தூரத்தையும், பள்ளியின் கண்டிப்பையும், அக்காவோ அண்ணனோ அங்கே படித்தார்களா என்பதையும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். காலைக் கூட்டத்தில் எந்தக் கடவுளை நோக்கிப் பாடுவார்கள், நீதிபோதனை வகுப்பில் என்ன சொல்லித்தருவார்கள் என்று கேட்டுச் சேர்ப்பவர்கள் குறைவு. ஆனால் அந்தக் கேள்விக்கான விடை பள்ளிக்குப் பள்ளி மாறுகிறது. அரசமைப்புச் சட்டமே அப்படி மாறும்படிதான் வகுத்திருக்கிறது.

அச்சட்டத்தின் 28ஆவது உறுப்பு பள்ளியின் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்க்கிறது. முழுவதும் அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் சமய போதனை அறவே கூடாது என்கிறது அதன் முதல் பிரிவு. மாநகராட்சிப் பள்ளியும் அரசுப் பள்ளியும் இதில் அடங்கும். சமய போதனை வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒருவர் ஏற்படுத்திய அறக்கட்டளையின் நிறுவனத்தை அரசு நிர்வகிக்க நேர்ந்தால், அங்கே முதல் பிரிவின் தடை பொருந்தாது என்பது இரண்டாவது பிரிவு. மூன்றாவது பிரிவுதான் வட சென்னையின் மிகப் பல குழந்தைகளைத் தொடுவது: அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் எந்தப் பள்ளியிலும், ஒரு மாணவரைச் சமய போதனையில் பங்கேற்கவோ வழிபாட்டில் கலந்துகொள்ளவோ வற்புறுத்தக் கூடாது, மாணவர் சிறாராக இருந்தால் அவருடைய பெற்றோரோ காப்பாளரோ ஒப்புதல் தந்திருக்க வேண்டும். அதாவது நிதியுதவி பெறும் பள்ளி தன் மதத்தைக் கற்பிக்கலாம். கேட்காமல் கற்பிக்கக் கூடாது.

இந்த உறுப்பின் வரைவு 1948 டிசம்பரில் அரசமைப்பு அவையில் விவாதிக்கப்பட்டபோது, அரசுப் பள்ளிகளில் சமய போதனைக்கு ஏன் இடமில்லை என்பதற்கு அம்பேத்கர் தந்த காரணங்கள் இன்றும் வலுக்குன்றாதவை. எல்லா மதத்தினரிடமும் வாங்கும் வரிப்பணத்தை ஒரு மதத்தின் போதனைக்குச் செலவிட முடியாது. ஒரே வட்டாரத்தில் பல மதங்கள் இருக்கையில் ஒவ்வொன்றுக்கும் வகுப்பு நடத்துவது நடைமுறைக்கு ஒவ்வாது. இவற்றுக்கும் மேலாக, மதங்கள் ஒவ்வொன்றும் தன்னிடமே உண்மை இருப்பதாகச் சொல்வதால், அவற்றைப் பள்ளிக்குள் கொண்டுவந்தால் பூசலும் கூடவே வரும் என்று அவர் எச்சரித்தார். ராயபுரத்தில் மீனவர் பிள்ளையும், மண்ணடி வியாபாரியின் பிள்ளையும், சௌகார்பேட்டையிலிருந்து வரும் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காரும் ஒரு வகுப்பறையை எண்ணிப் பார்த்தால், அந்த எச்சரிக்கை வெறும் கோட்பாடாகத் தோன்றாது.

இந்தப் பகுதிக்கு அந்தப் பூசல் புதிதும் இல்லை. ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன் 1837-இல் அரண்மனைக்காரத் தெருவில் தொடங்கிய பள்ளிதான் பின்னாளில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. அடுத்த ஆண்டிலேயே ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த சிறுவர்களை அவர் சேர்த்துக்கொண்டபோது, உயர்சாதிக் குடும்பங்கள் தம் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டன. ஆண்டர்சன் அச்சிறுவர்களை வெளியேற்ற மறுத்துவிட்டார். 1841-இல் மாணவர் இருவர் ஞானஸ்நானம் பெற்றதும் பள்ளியே ஏறத்தாழ காலியானது. இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. மதம் மாற்றிவிடுவார்கள் என்ற அச்சம் உண்மையானது. அதே அச்சத்தைச் சொன்னவர்களில் பலர் சாதி கலந்துவிடும் என்றும் அஞ்சினார்கள் என்பதும் உண்மை. வேறெந்தப் பள்ளிக் கதவும் திறக்காத காலத்தில் மிஷன் பள்ளியின் கதவு திறந்திருந்ததை மறந்துவிட்டு, வேதப் பாடத்தை மட்டும் எடுத்துப் பேசுவது நேர்மையான வரலாறு ஆகாது.

1846-இல் விவகாரம் மிஷன் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு நகர்ந்தது. அப்போதைய சென்னை ஆளுநர் ட்வீட்டேல் பிரபு, அரசு நடத்தும் பள்ளிகளில் பைபிளை வகுப்புப் பாடமாக வைக்கலாம் என்ற யோசனையை முன்வைத்தார். கறுப்பர் நகரம் என்று அன்று அழைக்கப்பட்ட இன்றைய ஜார்ஜ் டவுனின் வணிகர்கள் கொதித்தெழுந்தார்கள். 1844 முதல் 'கிரசென்ட்' என்ற இதழை நடத்திவந்த காஜுலு லட்சுமிநரசு செட்டி அந்த எதிர்ப்பின் முன்னணியில் நின்றார். கூட்டம் கூட்டி, லண்டனுக்கு விண்ணப்பம் எழுதி, தம் வரிப்பணத்தில் தம் பிள்ளைகளுக்குப் பிறமதம் போதிக்கக் கூடாது என்று அவர்கள் வாதிட்டார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர் குழு ஆளுநரின் யோசனையை ஏற்கவில்லை. லட்சுமிநரசு செட்டியும் அவரைச் சார்ந்தவர்களும் 1852-இல் சென்னைச் சுதேசி சங்கத்தைத் தொடங்கினார்கள். தென்னிந்தியாவின் தொடக்ககால அரசியல் அமைப்புகளில் ஒன்றான அது, பள்ளியில் மதம் என்ற இந்தக் கேள்வியிலிருந்து கிளைத்த கோபத்தையும் தன் அடியில் கொண்டிருந்தது.

இன்றைய நிதியுதவி முறையின் வேர் 1854-ஆம் ஆண்டின் வுட் கல்வி அறிக்கையில் இருக்கிறது. நல்ல உலகியல் கல்வி தரும் எந்தத் தனியார் பள்ளிக்கும், அதை நடத்துபவர் எந்த மதத்தினராக இருந்தாலும், அரசு மானியம் தரலாம் என்றது அது. மானியப் பள்ளியைப் பார்வையிடும் ஆய்வாளர் அங்கே கற்பிக்கப்படும் சமயக் கொள்கையைக் கணக்கில் எடுக்கவே கூடாது என்றும் அது சொன்னது. கண்ணை மூடிக்கொள்வதையே நடுநிலையாகக் கொண்ட ஏற்பாடு அது. மிஷன் பள்ளிகள் இதனால் பெருகின; அதற்கு எதிர்வினையாக இந்துப் பள்ளிகளும் எழுந்தன. 1889-இல் சிவசங்கர பாண்டியா தொடங்கி, தங்கசாலைத் தெருவில் நிலைபெற்ற இந்து தியாலஜிக்கல் பள்ளி அப்படிப் பிறந்ததுதான். பெயரிலேயே தன் நோக்கத்தை எழுதிவைத்துக்கொண்ட பள்ளி அது. ஆகவே ஒரே தெருவில் பல மதத்தாரின் பள்ளிகளை இன்று நாம் பார்ப்பது, ஒன்றோடு ஒன்று போட்டியிட்டு, அரசு மானியத்தை நம்பி வளர்ந்த ஒரு நூற்றாண்டு வரலாற்றின் விளைவு.

குடியரசு வந்தபின் அந்தப் பள்ளிகளுக்கான உதவி தொடர்ந்தது. தமிழ்நாட்டில் நிதியுதவி பெறும் பள்ளியின் ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்களில் உள்ள ஆசிரியர்களுக்கு அரசே சம்பளம் தருகிறது. சிறுபான்மையினர் தம் விருப்பப்படி கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையை 30ஆவது உறுப்பு காக்கிறது. உதவி தரும்போது சிறுபான்மையினரின் நிறுவனம் என்பதற்காக அரசு பாகுபாடு காட்டக் கூடாது என்றும் அது சொல்கிறது. மறுபுறம், அரசின் உதவி பெறும் பள்ளி மதத்தையோ சாதியையோ காரணம் காட்டி ஒருவரைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்கிறது 29ஆவது உறுப்பு. இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் வட சென்னையின் நிதியுதவிப் பள்ளி நிற்கிறது: நிர்வாகம் ஒரு மதத்தினருடையது, பிள்ளைகள் எல்லா மதத்தினரும்.

இத்தகைய பள்ளிகளில் பொதுவாக நடப்பது இதுதான். வாரத்தில் ஓரிரு பீரியடுகளில் வகுப்பு இரண்டாகப் பிரியும். கத்தோலிக்கப் பள்ளியில் கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போவார்கள். மற்றவர்கள் நன்னெறி வகுப்புக்குப் போவார்கள். முஸ்லிம் நிர்வாகப் பள்ளியில் முஸ்லிம் பிள்ளைகளுக்குத் தீனியாத் என்னும் இஸ்லாமிய மார்க்கக் கல்வி, மற்றவர்களுக்கு நீதிபோதனை. இது நியாயமான ஏற்பாடு. இதைச் சீராக நடத்தும் பள்ளிகளை நான் மதிக்கிறேன். ஆனால் காலை ஜெபம் பிரிவதில்லை. மைதானத்தில் எல்லாரும் ஒன்றாக நிற்பார்கள், எல்லாரும் ஒன்றாகக் கைகூப்புவார்கள். ஏழு வயதுக் குழந்தை ஒன்று தன் வீட்டு வழக்கம் வேறு என்று சொல்லித் தனியே நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமை. அதனால்தான் சட்டம் அந்தப் பொறுப்பைக் குழந்தையிடம் விடாமல் பெற்றோரின் ஒப்புதலிடம் விட்டது. சேர்க்கைப் படிவத்தில் மதத்துக்கும் சாதிக்கும் கட்டங்கள் உண்டு. விரும்பாதவர்கள் அவற்றை வெறுமையாக விடலாம் என்று தமிழக அரசு 1973-இலேயே ஆணையிட்டது. உங்கள் பிள்ளை எங்கள் வழிபாட்டில் கலந்துகொள்ளச் சம்மதமா என்று கேட்கும் ஒரு வரி அதே படிவத்தில் வழக்கமாக இடம்பெறுவதில்லை. சேர்த்துவிட்டாலே சம்மதம் என்று பள்ளி எடுத்துக்கொள்கிறது. பெற்றோரும் மறுப்பதில்லை, ஏனென்றால் இடம் கிடைத்ததே பெரிது என்ற நிலையில்தான் அவர்களில் பலர் இருக்கிறார்கள். மறுக்க வழியில்லாத இடத்தில் வரும் மௌனத்தை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மாநகராட்சிப் பள்ளியிலோ அரசுப் பள்ளியிலோ இந்தச் சிக்கல் இருக்கவே கூடாது. தமிழ்நாட்டில் அதற்கான அடித்தளமும் போடப்பட்டிருக்கிறது. அரசு விழாக்களில் பாட 1970-இல் மனோன்மணீயம் சுந்தரனாரின் தமிழ்த்தாய் வாழ்த்து ஏற்கப்பட்டு, 2021 டிசம்பரில் அது மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. பள்ளிக் காலைக் கூட்டமும் அதனோடுதான் தொடங்குகிறது. எந்த மதத்துப் பிள்ளையும் தயங்காமல் பாடக்கூடிய பாட்டு அது. ஆனாலும் ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் பல அரசுப் பள்ளிகளில் படத்துக்கு மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை கொடுக்கிறார்கள். ஆசிரியர்கள் இதை மதமாக நினைப்பதே இல்லை, வழக்கம் என்கிறார்கள். பொரியை வாங்கித் தின்னும் பிள்ளைகளும் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறார்கள். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. இருந்தாலும், பெரும்பான்மையினர் செய்தால் வழக்கம், சிறுபான்மையினர் செய்தால் மதம் என்று ஒரே பள்ளிக் கட்டடத்துக்குள் இரண்டு அளவுகோல்கள் புழங்குவதை அந்தப் பிள்ளைகள் சொல்லாமலே கற்றுக்கொள்கிறார்கள். சட்டத்தின் 28ஆவது உறுப்பு அரசுப் பள்ளியில் கடுமையாகக் காக்கப்பட வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுவே.

சமய போதனையை நீக்கிய இடத்தில் எதை வைப்பது என்பது அடுத்த கேள்வி. 1882-இல் பிரான்ஸ் அரசுப் பள்ளிகளிலிருந்து சமய போதனையை எடுத்துவிட்டு, ஒழுக்கமும் குடிமையும் கற்பிக்கும் பாடத்தை வைத்தது. இந்தியாவில் மத்திய அரசு 1959-இல் அமைத்த ஸ்ரீபிரகாசா குழு, பள்ளி நாள் சில நிமிட மௌனத்தோடு தொடங்கலாம் என்றது. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, வாரத்துக்கு ஓரிரு பீரியடுகளை நன்னெறிக்கு ஒதுக்கச் சொன்னதோடு, ஒரு மதத்தில் நம்பிக்கையூட்டுவது வேறு, மதங்களைப் பற்றி அறியவைப்பது வேறு என்று தெளிவாகப் பிரித்தது. முன்னதை அரசுப் பள்ளி செய்யக் கூடாது. பின்னதைப் பல மத மக்கள் வாழும் நாடு செய்தே ஆக வேண்டும் என்பது அக்குழுவின் நிலை.

நீதிமன்றங்களும் ஏறக்குறைய இதே கோட்டில்தான் நின்றன. குருநானக்கின் வாழ்வையும் போதனையையும் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்குரிய பொருளாகக் கற்பது சமய போதனை ஆகாது என்று 1971-இல் டி.ஏ.வி. கல்லூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மத்திய அரசின் 2000-ஆம் ஆண்டுப் பாடத்திட்டக் கட்டமைப்பை எதிர்த்து அருணா ராய் தொடுத்த வழக்கில் 2002 செப்டம்பரில் வந்த தீர்ப்பு, மதங்களைப் பற்றிய கல்விக்கு 28ஆவது உறுப்பு தடையில்லை என்றது. எல்லாம் தீர்ந்துவிடவில்லை. கேந்திரிய வித்யாலயாக்களின் காலை வழிபாட்டில் சம்ஸ்கிருதச் சுலோகம் சொல்லவைப்பதை எதிர்த்த வழக்கு 2019 ஜனவரியில் பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பப்பட்டது. கோயில் நிதியைப் பற்றிய கேள்வியும் வட சென்னைக்கு அருகே வந்து நின்றது. கொளத்தூரில் 2021-இல் தொடங்கிய அருள்மிகு கபாலீசுவரர் கலை அறிவியல் கல்லூரி உள்ளிட்ட நான்கு கல்லூரிகள், ஒரு மாதத்துக்குள் இந்து சமயக் கல்வியையும் ஒரு பிரிவாகச் சேர்த்தால்தான் தொடர்ந்து இயங்கலாம் என்று அந்த ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. பக்தர்கள் கொடுத்த காணிக்கையில் நடக்கும் நிறுவனம் அந்தச் சமயத்தைக் கற்பிக்க வேண்டும் என்பதில் நியாயம் இருக்கிறது. அங்கே சேரும் பிற மத மாணவர்களுக்கும் ஒப்புதலின் பாதுகாப்பு அப்படியே இருக்க வேண்டும் என்பதும் அதே அளவுக்கு நியாயம்.

இவ்வளவு சட்டமும் பரிந்துரையும் இருந்தும், வகுப்பறையில் நீதிபோதனை பீரியட் மிகவும் வறியதாகவே இருக்கிறது. தேர்வு இல்லை, மதிப்பெண் இல்லை, அதற்கென்று பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லை. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் கணக்கு ஆசிரியரோ அறிவியல் ஆசிரியரோ பாடத்தை முடிக்க அந்த நேரத்தை வாங்கிக்கொள்வது எங்கும் உள்ள பழக்கம். இப்படிக் காலியாகக் கிடக்கும் இடத்துக்கு வெளியிலிருந்து ஆள் வருகிறது. தன்னம்பிக்கைப் பேச்சு, ஊக்கமூட்டும் உரை என்ற பெயர்களில் வரும் பேச்சாளர் என்ன பேசப்போகிறார் என்று யாரும் முன்கூட்டியே பார்ப்பதில்லை. 2024-இல் அசோக் நகரிலும் சைதாப்பேட்டையிலும் உள்ள அரசுப் பள்ளிகளில் நடந்தது இதன் விளைவு. அழைக்கப்பட்ட பேச்சாளர் ஒருவர், முற்பிறவிப் பாவத்தால்தான் மனிதர்கள் உடற்குறையோடு பிறக்கிறார்கள் என்று பொருள்படும்படி மாணவிகளிடம் பேசினார். பார்வைக் குறைபாடுள்ள தமிழாசிரியர் ஒருவர் அந்த இடத்திலேயே எழுந்து எதிர்த்தார். தலைமையாசிரியர்கள் மாற்றப்பட்டார்கள், பேச்சாளர் கைதானார். அந்த ஆசிரியரின் துணிவு போற்றத்தக்கது. ஆனால் ஒரு தனி மனிதரின் துணிவை நம்பி ஒரு கல்வித் துறை இருக்கக் கூடாது. அந்த மண்டபத்தில் அவர் இல்லாதிருந்தால், உடற்குறையோடு பிறந்த ஒரு மாணவி அந்தப் பேச்சை அறவுரை என்று நம்பி வீட்டுக்குப் போயிருப்பாள்.

நன்னெறியையும் மதங்களையும் பற்றிய நல்ல கல்வி தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இல்லாமலில்லை. அது நீதிபோதனை பீரியடில் இல்லை. தமிழ்ப் பாடநூலில் இருக்கிறது. சைவ, வைணவப் பாடல்களோடு பௌத்தக் காப்பியமான மணிமேகலையையும், சமண நூலான நீலகேசியையும், உமறுப்புலவரின் சீறாப்புராணத்தையும், வீரமாமுனிவரின் தேம்பாவணியையும், கிருட்டிணப் பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தையும் ஒரே மாணவர் தம் பள்ளிக் காலத்தில் படித்துவிடுகிறார். மண்ணடிப் பிள்ளையும் ராயபுரத்துப் பிள்ளையும் தங்கசாலைப் பிள்ளையும் ஒருவர் மற்றவரின் வேத மரபை மனப்பாடம் செய்து, பொருள் எழுதி, மதிப்பெண் வாங்குகிறார்கள். யாரும் யாரையும் மாற்றவில்லை, யாரும் அஞ்சவுமில்லை. கோத்தாரி குழு கேட்டது இதைத்தான்.

வள்ளலாரை எடுத்துக்கொள்வோம். ஏழுகிணறு வீராசாமித் தெருவில் வளர்ந்து, கந்தகோட்டத்து முருகனையும் திருவொற்றியூர்த் தியாகராசரையும் பாடிய அவருடைய தெய்வமணிமாலைப் பாடல் தமிழ்ப் பாடநூல்களில் இடம்பெற்று வந்திருக்கிறது. கந்தகோட்டத்து இறைவனை நோக்கிய வேண்டுதல் அது. அதனுள்ளே, உள்ளொன்று வைத்துப் புறம்பொன்று பேசுவார் உறவு கலவாமை வேண்டும் என்று வரும் அடி எந்த வீட்டுப் பிள்ளைக்கும் உரியது. காலைக் கூட்டத்தில் அதைப் பாடவைத்தால் வழிபாடு ஆகிவிடும். வகுப்பில் ஆசிரியர் அதைப் பிரித்துப் படித்து, இதை எழுதியவர் யார், யாரை நோக்கி எழுதினார், என்ன கேட்கிறார், பின்னாளில் சாதியையும் சமயப் பூசலையும் விட்டு அவர் எங்கே போய்ச் சேர்ந்தார் என்று விளக்கினால் அது கல்வி. நம்பச் சொல்லாமல் அறியச் சொல்வது எப்படி என்பதற்கு, அந்த வட்டாரத்திலேயே பிறந்த ஒரு முன்மாதிரி கையில் இருக்கிறது.

திருக்குறளுக்கும் இது பொருந்தும். அறத்துப்பாலிலும் பொருட்பாலிலும் உள்ள 108 அதிகாரங்களை ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பாடத்தில் சேர்க்க வேண்டும் என்று 2016-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. எண்ணிக்கையைவிடக் கற்பிக்கும் முறையே முக்கியம் என்று நினைக்கிறேன். கொல்லாமையையும் புறங்கூறாமையையும் மனப்பாடப் பகுதியாக மட்டும் வைத்தால், ஏழு வருடம் படித்தாலும் அது இரண்டு மதிப்பெண் வினாவாகவே முடியும்.

ஒழுக்கக் கல்வியின் அவசரம் வேறொரு திசையிலிருந்தும் வந்திருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் சக மாணவர்களாலேயே சாதிக் காழ்ப்பால் வெட்டப்பட்டபின் அமைக்கப்பட்ட, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றித் திலகம் ஆகியவற்றைப் பள்ளிகளில் தடைசெய்யலாம் என்ற அதன் பரிந்துரை, மத அடையாளத்தில் கை வைக்கிறார்கள் என்ற எதிர்ப்பைச் சந்தித்தது. சாதிக் கயிறும் வேண்டுதல் கயிறும் ஒரே மணிக்கட்டில் கிடக்கும்போது, தடையாணையால் மட்டும் அவற்றைப் பிரிக்க முடியாது. அந்தக் கயிறு எதற்கு என்று மாணவரோடு உட்கார்ந்து பேசக்கூடிய ஆசிரியர் வேண்டும். அப்படிப் பேசுவதற்கு அவருக்குப் பயிற்சியும் நேரமும் வேண்டும்.

இப்போதைக்குச் செய்யக்கூடியவை பெரிய சட்டத் திருத்தங்களைக் கேட்பவை அல்ல. அரசுப் பள்ளிகளின் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. வெளியிலிருந்து வரும் பேச்சாளர் யார், என்ன பேசப்போகிறார் என்பதை அந்தக் குழுவின் கூட்டத்தில் முன்கூட்டியே வைக்கும்படி கேட்க அந்தப் பெற்றோர் தயங்க வேண்டியதில்லை. நீதிபோதனை பீரியடைத் தமிழாசிரியரிடமோ சமூக அறிவியல் ஆசிரியரிடமோ ஒப்படைத்து, பாடநூலில் ஏற்கெனவே இருக்கும் பகுதிகளையே ஆழமாகப் பேசவைக்கலாம். நிதியுதவி பெறும் பள்ளிகளில் அந்தக் குழுவுக்கு ஆலோசனை சொல்லும் அதிகாரம் மட்டுமே 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் விடப்பட்டது. சிறுபான்மையினர் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டமே பொருந்தாது என்று 2014-இல் பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே அந்தப் பள்ளிகளில் படிக்கும் பிற மதப் பிள்ளைகளின் பெற்றோருக்கு இந்த விஷயத்தில் மிஞ்சியிருக்கும் நேரடியான பிடிமானம் 28ஆவது உறுப்பின் மூன்றாவது பிரிவுதான். ஜூன் மாதச் சேர்க்கையின்போது மறைக்கல்வி, தீனியாத், காலை வழிபாடு ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஆம், இல்லை என்று குறிக்க ஒரு வரியைப் படிவத்தில் சேர்ப்பதற்கு அரசாணை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இல்லை என்று குறித்த பிள்ளையை வேறு எங்கே, யாருடைய பொறுப்பில் உட்காரவைப்பது என்பதையும் பள்ளி அதே நாளில் எழுதித் தர வேண்டும்.